‘டெப்’ என்ற சொல்லை அம்மாவுக்கு எப்படி விளக்குவது?

கல்லாப்பெட்டி_சிப்புட் | வெள்ளி, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஒரு ஹார்ட்வேர் கடையில் 14 வருஷமாகக் கல்லாவில் இருக்கிறேன். தினமும் என் வாயில் வருகிற ஒரு சொல்லைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. டெப், ஆங்கிலத்தில் tap. தமிழ்நாட்டில் இதையும் ‘டேப்’ என்றே எழுதுகிறார்கள். எங்கள் கடையில் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பும் உண்டு, அளக்கிற டேப்பும் உண்டு. அதனால் இங்கே நாங்கள் பேசுகிற மாதிரியே ‘டெப்’ என்று எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பட்டறைப் பையன் வந்து “அக்கா, அரை இஞ்ச் டெப் ஒண்ணு” என்றான். பித்தளையில் தண்ணீர்க் குழாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான். அவன் முதலாளிக்கு வேண்டியது மரை வெட்டுகிற டெப், அதாவது ஓட்டைக்குள் திருகுப் பள்ளம் போடுகிற இரும்பு. அதிலும் அரை இஞ்ச் இருக்கிறது. கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் வந்தான், அதுவும் சரியில்லையாம். மூன்றாவது தடவை முதலாளியே நேரில் வந்தார். என்ன தப்பு செய்தேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது அதற்காக இல்லை.

அம்மாவுக்கு வயது 74. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். நிரைக்கு, அதாவது ஒரு ஆளுக்கு ஒதுக்கிய வரிசைக்கு, 500 மரத்துக்கு மேல். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்ட பிறகுதான் கத்தியைக் கீழே வைத்தார். இப்போது மூச்சு வாங்குகிறது என்று கூட்டிக்கொண்டு போனோம். படம் எடுத்துப் பார்த்ததில் நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதாம். டாக்டர் சின்ன வயசு, நல்ல பிள்ளை, தமிழும் ஆங்கிலமும் கலந்துதான் பேசினார். “பாட்டி, திங்கட்கிழமை வாங்க, ஒரு டெப் பண்ணிடலாம்.”

அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் பால்மரம் வெட்டுவது டெப்பிங், வெட்டுகிறவர் டெப்பர், அது இரண்டும் நன்றாகத் தெரியும். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பெயர் எழுதுகிற செக்ரோல் பேரேட்டில் அம்மாவின் பெயருக்கு எதிரே நாற்பது வருஷம் இருந்த சொல் அல்லவா! வீடு வரும்வரை காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் பார்த்தால், அலமாரி மேல் பழைய துண்டில் சுற்றி வைத்திருந்த, பால்மரம் வெட்டுகிற ஜெபோங் கத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாய்ப்பகுதி மடங்கி, பிடி கறுத்துப்போன கத்தி. கட்டைவிரலால் அதன் முனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பாப்பா, எவ்வளவு ஆழம் போவாங்க? மரத்துல காயம் பட்டுச்சுன்னா அப்புறம் அந்தப் பட்டை சரியா வராது” என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. கத்தி இல்லை, ஊசிதான் என்று சொன்னேன். அப்படியென்றால் ஏன் அதே பேர் என்று கேட்கிறார். குழாய்க்கும் டெப், மரை வெட்டுகிற இரும்புக்கும் டெப், என் கல்லாவில் கார்டை வைப்பதற்கும் டெப், ரப்பர் மரத்துக்கும் டெப், இப்போது என் அம்மாவின் நெஞ்சுக்கும் டெப். இதெல்லாம் ஒரே சொல்தானா? திங்கட்கிழமைக்குள் அம்மாவுக்குப் பிடிபடுகிற மாதிரி சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

---

பழைய_பிட்டர் | வெள்ளி, இரவு 11.25

தங்கச்சி, அம்மாவின் விஷயத்துக்கு மருத்துவம் தெரிந்தவர்கள் வருவார்கள். உங்கள் அரை இஞ்ச் கதைக்கு நான் பதில் சொல்கிறேன். 31 வருஷம் தோட்ட ஃபேக்டரியிலும் அப்புறம் கிள்ளானில் ஒரு பட்டறையிலும் பிட்டராக இருந்தவன்.

உங்கள் மேல் தப்பே இல்லை. அரை இஞ்ச் மரை டெப்பிலேயே இரண்டு ஜாதி இருக்கிறது. போல்ட்டுக்கு உள்ள அரை இஞ்ச் என்றால் போல்ட்டின் வெளிவிட்டமே அரை இஞ்ச், 12.7 மில்லிமீட்டர். பைப்புக்கு உள்ள அரை இஞ்ச் மரையை வெர்னியர் வைத்து அளந்தால் கிட்டத்தட்ட 21 மில்லி வரும். ஏனென்றால் அந்த அரை இஞ்ச் பைப்பின் உள் துவாரத்தை வைத்து அந்தக் காலத்தில் சொன்ன கணக்கு. மரை வெட்டுவது பைப்பின் வெளியே அல்லவா. அந்த முதலாளி பைப்பு மரை கேட்டிருப்பார், நீங்கள் போல்ட் மரை கொடுத்திருப்பீர்கள். பற்களின் கணக்கும் வேறு. பைப்பு மரையில் இஞ்சுக்கு 14, பழைய விட்வொர்த் போல்ட்டில் 12. இனிமேல் யார் வந்தாலும் “பைப்புக்கா, போல்ட்டுக்கா” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், போதும்.

இன்னொன்று. மரை டெப்பை ஒற்றையாகக் கேட்டு வருகிறவர்களிடம் செட்டாக வாங்கச் சொல்லுங்கள். செட்டில் மூன்று இருக்கும். முதலாவது முனை நன்றாகச் சரிந்து ஓட்டைக்குள் தானே வழி பிடிக்கும். இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் மொட்டை. மூன்றாவது அடிவரை பல் உள்ளது, அடி மூடிய ஓட்டைக்கு அதுதான் வேண்டும். புதுப் பையன்கள் மூன்றாவதை எடுத்து நேராக இறக்குவார்கள், உடனே முறியும்.

10 மில்லி மரைக்கு 8.5 மில்லி ட்ரில் போட வேண்டும். எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். பின்னால் திருப்பும்போது உள்ளே ‘டிக்’ என்று சீவல் உடைவது கைக்குத் தெரியும். அந்தச் சீவல் உடையாமல் சுருண்டு நின்றால் டெப் இறுகி முறிந்துவிடும். முறிந்தால் எடுப்பது பெரும்பாடு, அந்த இரும்பை ட்ரில்லால் துளைக்க முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதமே ஒரு பம்ப் உடம்புக்குள் டெப்பை முறித்துவிட்டேன். மேஸ்திரி திட்டவில்லை. என் கையைப் பிடித்து அடுத்த ஓட்டையில் தானே மெதுவாகத் திருப்பிக் காட்டினார். அந்த ‘டிக்’ இன்னும் என் விரலில் இருக்கிறது.

எங்கள் அம்மாவும் மரம் வெட்டியவர்தான். வீட்டில் அவர் மரம் வெட்டுகிறார், நான் மரை வெட்டுகிறேன், இரண்டுக்கும் துரை சொல்வது ஒரே டெப். இத்தனை வருஷத்தில் இதை நான் யோசித்ததே இல்லை. நீங்கள் கேட்டுத்தான் யோசிக்கிறேன்.

---

லேத்_கோவை | சனி, காலை 6.50

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கேள்வியில் ‘அம்மா பால்மரம் வெட்டப் போனவர்’ என்று படித்ததும் கோடாலியை நினைத்துவிட்டேன். எங்கள் பக்கம் மரம் வெட்டுவது என்றால் சாய்ப்பது. அப்புறம்தான் ரப்பர் மரத்தில் பால் எடுப்பதைச் சொல்கிறீர்கள் என்று புரிந்தது. பிட்டர் அண்ணன் எழுதியது முழுக்கச் சரி. நாங்கள் ‘டேப் போடுவது’ என்போம். அம்மா நலமாக வர வேண்டும்.

---

சார்ஜ்மேன்77 | சனி, காலை 9.15

செம்பனை ஆலையில் மின்சாரம் பார்க்கிற சார்ஜ்மேனாக இருக்கிறேன், எங்களிடமும் ஒரு டெப் உண்டு. டிரான்ஸ்ஃபார்மரில் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளின் நடுவிலிருந்து சில இடங்களில் கம்பியை வெளியே இழுத்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு டெப். எங்களுடையதில் ஐந்து இருக்கிறது, நடுவில் உள்ளது சாதாரணம், மற்றவை இரண்டரை இரண்டரை சதவீதம் மேலும் கீழும். லைனின் கடைசியில் இருக்கிற ஆலைக்கு வோல்ட் குறைந்து வந்தால், மின்சாரத்தை முழுக்க நிறுத்திவிட்டு, டெப் மாற்றுகிற கைப்பிடியைத் திருப்பி வேறு டெப்பில் வைப்போம். நிறுத்தாமல் அந்த வகைக் கைப்பிடியைத் தொடவே கூடாது. 11,000 வோல்ட் பக்கத்தில்தான் டெப்பை வைப்பார்கள், அங்கே ஓடும் கரண்ட் குறைவு.

எங்கள் டெப்பில் எதுவும் ஒழுகாது, சொட்டாது. ஆனாலும் முழுச் சுருளையும் அறுக்காமல் வேண்டிய இடத்திலிருந்து வேண்டியதை மட்டும் எடுப்பதுதான் வேலை. அம்மாவுக்குச் சொல்ல அது உதவுமா தெரியவில்லை.

---

ஓய்வு_ஆசிரியை | சனி, மாலை 4.05

மகளே, நான் தமிழ்ப்பள்ளியில் இருந்தவள். சொற்களின் வேர் தேடுவது எனக்கு உயிர். கேள்வியைப் பார்த்ததும் அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டேன்.

நீங்கள் சொன்ன டெப் எல்லாம் ஒன்றல்ல, இரண்டு சொற்கள். கார்டை வைப்பதும் தோளில் மெல்லத் தட்டுவதும் ஒன்று. அது பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, ‘தட்டு’ என்பதுதான் பொருள். அதை ஓரமாக வைத்துவிடுங்கள்.

மற்றது பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. பீப்பாயின் ஓட்டையை அடைக்கிற மரமுளைக்குத்தான் அந்தப் பெயர். முளையைத் தளர்த்தினால் சாராயம் வரும், இறுக்கினால் நிற்கும். பிறகு முளைக்குப் பதில் திருகுகிற குழாய் வந்தது, பெயர் மாறவில்லை. முளையை எடுத்து உள்ளே இருப்பதை வடிப்பதும் டெப் ஆனது. மரத்துப் பால், தென்னைக் கள், உலையில் உருகிய இரும்பு, உடம்பில் கோத்த நீர், கடைசியில் தொலைபேசிப் பேச்சு, எல்லாம் அந்த வழியில் வந்தவை. அந்தக் காலத்தில் பீப்பாயிலிருந்து ஊற்றிக் கொடுக்கிற ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்குத் தனிப் பெயர் இருந்தது. டெப்பர் என்பது ஆணுக்கு உள்ளது, டெப்ஸ்டர் என்பது முதலில் பெண்ணுக்கு உள்ளது. செக்ரோலில் உங்கள் அம்மாவை டெப்பர் என்று எழுதினார்கள். பழைய கணக்குப்படி டெப்ஸ்டர் என்றே எழுதியிருக்கலாம்.

ஆங்கிலத்தில் ரப்பர் மரத்தின் நடுவேருக்கும் டெப் என்ற சொல்லைச் சேர்த்துத்தான் பெயர். முளை மாதிரி நேராக இறங்குவதால். நாம் அதை ஆணிவேர் என்கிறோம். அவர்களுக்கும் முளை, நமக்கும் ஆணி. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. இதைக் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆங்கிலம் ஒரே சொல்லால் சமாளிக்கிற இடத்தில் தமிழ் வேலையைப் பார்த்து வினையை மாற்றுகிறது. பாளையைச் சீவுகிறோம், கள்ளை இறக்குகிறோம், மரையை வெட்டுகிறோம், பேச்சை ஒட்டுக்கேட்கிறோம், நீரை எடுக்கிறோம். மலாய்க்காரர்களும் ரப்பருக்கு ‘தோரே’, பனைக்கு ‘சாடாப்’ என்று பிரித்துத்தான் சொல்கிறார்கள். எனக்கு இடிக்கிற ஒரே இடம் ‘பால்மரம் வெட்டுவது’. உண்மையில் அது வெட்டு இல்லை, சீவல். அமேசான் காட்டில் அந்தக் காலத்தில் சிறு கோடாலியால் கொத்தித்தான் பால் எடுத்தார்கள், மரம் புண்ணாகும். 1877-இல் சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்து, 1890-களில் அங்கே தாவரப் பூங்கா இயக்குநராக இருந்த ரிட்லிதான் பழைய கோட்டிலேயே மெல்லிய சீவல் எடுத்து மறுபடியும் பாலை ஓட வைக்கலாம் என்று காட்டினார். அப்போது வந்த கன்றுகளில் ஒன்று மரமாகிக் கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. உங்கள் ஊரிலிருந்து பக்கம்தானே. அம்மா குணமானதும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

---

நைட்_ஷிப்ட் | சனி, இரவு 11.50

அக்கா, நான் ஈப்போவில் ஸ்டாஃப் நர்ஸ். இப்போதுதான் பார்த்தேன். அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: எதையும் சீவுவதில்லை, தோலைக் கிழிப்பதில்லை. ஊசியும் மெல்லிய குழாயும்தான்.

எங்கள் வார்டிலும் இந்தச் சொல்லால் குழப்பம் உண்டு. நெஞ்சு நீர், வயிற்று நீர், முதுகுத்தண்டு நீர், மூன்றுக்கும் டெப் என்பார்கள். அதனால் நோயாளியிடம் பேசும்போது நான் அந்தச் சொல்லையே எடுப்பதில்லை. ‘நெஞ்சில் கோத்த நீரை ஊசி போட்டு எடுப்போம்’ என்று சொல்லிவிடுவேன். டாக்டரும் அப்படிச் சொல்லியிருந்தால் அம்மா இரண்டு நாள் பயந்திருக்க மாட்டார்.

நடப்பது இதுதான். கட்டிலில் உட்கார வைத்து, முன்னால் மேஜையில் தலையணை போட்டுக் குனிந்து சாயச் சொல்வார்கள். ஸ்கேன் வைத்து நீர் எங்கே இருக்கிறது, தோலிலிருந்து எவ்வளவு உள்ளே என்று பார்த்து முதுகில் குறி போடுவார்கள். மரத்துப்போக ஊசி. அது கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். அப்புறம் விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசி போகும். ஒவ்வொரு எலும்புக்கும் கீழ் விளிம்பில் இரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன, அதனால் எப்போதும் மேல் விளிம்புதான். நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் உண்டு, அவற்றுக்கு நடுவில்தான் நீர் நிற்கிறது. ஊசி அந்த நீர் வரை போனால் போதும், நுரையீரலைத் தொட வேண்டியதில்லை. அம்மா கேட்ட ஆழத்துக்கு இதுதான் பதில்.

நீரை மொத்தமாக ஒரே மூச்சில் எடுக்க மாட்டார்கள். ஒரு தடவைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் பெரும்பாலும் போவதில்லை, அவசரமாக நிறைய எடுத்தால் நுரையீரல் திடீரென்று விரிந்து தொல்லை கொடுக்கும். நடுவில் இருமல் வந்தாலோ, நெஞ்சு இறுகினாலோ அம்மா கையைத் தூக்கிச் சொல்லட்டும், பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். சொல்லாமல் அசையக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் நாளைக்கே மருத்துவமனைக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், திங்கட்கிழமை வரை வைக்காதீர்கள்.

---

கல்லாப்பெட்டி_சிப்புட் | ஞாயிறு, காலை 8.30

எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பிட்டர் அண்ணன் எழுதிய அந்த ‘டிக்’ வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கச் சொன்னார். பட்டையில் கத்தி போகும்போதும் கைக்கு அப்படித்தான் தெரியுமாம். பால் வருகிற பட்டை மெத்தென்று இழுக்கும், மரத்தை நெருங்க நெருங்கச் சத்தம் மாறும். மரத்துக்கும் கத்திக்கும் நடுவில் ஒரு மில்லி பட்டையை விட வேண்டும், அதிலும் குறைந்தால் காயம், கூடினால் பால் குறையும். இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறக்குவது எதற்கென்று கேட்டேன். பால் நரம்பு மரத்தில் நேராக ஏறாமல் கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து ஏறுகிறது, கோட்டை அதற்கு எதிராக இறக்கினால்தான் நிறைய நரம்பு வெட்டுப்படும் என்றார். இருட்டில் நெற்றி விளக்கோடு போய் மரத்துக்கு ஒரு சீவல், அதன் கனம் ஒரு மில்லிக்கு மேல் கொஞ்சம். 55 வயது ஆகும் எனக்கே இதெல்லாம் இன்றுதான் தெரியும்.

நர்ஸ் தங்கச்சி சொன்ன ஸ்கேன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “மரத்துக்குள்ள அப்படிப் பார்க்க முடிஞ்சிருந்தா எத்தனையோ மரம் காயமில்லாம இருந்திருக்கும்” என்றார். கத்தியைத் துண்டில் சுற்றி மறுபடி மேலே வைத்துவிட்டார். மாத்திரை ஒன்று சாப்பிடுகிறார், மருத்துவமனைக்குப் போன் பண்ணிக் கேட்டுவிட்டேன். நிறுத்த வேண்டிய வகை இல்லையாம்.

---

கல்லாப்பெட்டி_சிப்புட் | திங்கள், இரவு 9.10

எடுத்தாகிவிட்டது. 900 மில்லி. வைக்கோல் நிறத்தில் இருந்தது, சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர வேண்டும்.

குனிந்து சாய்ந்தபடியே அம்மா டாக்டரிடம் ஒன்று கேட்டார்: “எத்தனை மணிக்கு நிக்கும் தம்பி?” அவருக்கு முதலில் விளங்கவில்லை. மரத்துப் பால் இரண்டு மூன்று மணி நேரத்தில் வெட்டு வாய் உறைந்து தானே நின்றுவிடும், அதைத்தான் கேட்கிறார் என்று நான் எடுத்துச் சொன்னேன். இது தானே நிற்காது பாட்டி, நாங்கள்தான் ஊசியை எடுத்து அடைப்போம் என்றார் டாக்டர். அடுத்த கட்டிலில் இருந்த அம்மாவும் தோட்டத்துக்காரர் போலிருக்கிறது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று அங்கேயே பேச்சு தொடங்கிவிட்டது.

இப்போது மூச்சு நன்றாக விடுகிறார், படுத்துத் தூங்குகிறார். மூன்று வாரமாக உட்கார்ந்தேதான் தூங்கினார்.

பிட்டர் அண்ணே, ஒரு கேள்வி. பைப்பு மரை டெப்பில் கடையில் எந்த அளவுகள் வைத்தால் ஓடும்? அரையும் முக்காலும் மட்டும் போதுமா, ஒரு இஞ்சும் வேண்டுமா? முதலாளி நாளைக்கு ஆர்டர் போடுகிறார்.